பெண்வீட்டார் முன்னால் ஆறாம் வார்த்தை

அன்று ஆலயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். முன் பெஞ்சில் போதகர். பெண்கள் பக்கம் என் அம்மா. மூன்றாம் வரிசையில், என்னைப் பார்த்து முடிவு சொல்வதற்கென்றே ஆவடியிலிருந்து வந்திருந்த ஜெசியும் அவள் அப்பாவும். கடைசி பெஞ்சில் என்னோடு லேத் ஓட்டும் டேவிட். மிச்சம், மண்ணூர்பேட்டையில் என்னைத் தெரிந்த அத்தனை பேரும்.

பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை எங்கள் சபையில் ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவோம். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்கு ஆறாவது வந்தது: 'முடிந்தது.' பெண்வீட்டார் முன் படிப்பாளியாகத் தெரிய வேண்டுமே! யூடியூபைப் பார்த்து அதன் கிரேக்கச் சொல்லை உருப்போட்டேன்.

"டெடெலெஸ்டாய்!" என்று முழங்கினேன். (ஜெசியின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.) "ரெண்டு வசனத்துக்கு முன்னாடியும் இதே சொல்தான். செய்து முடித்தாயிற்று, முடித்தது முடித்தபடியே நிற்கிறது என்று பொருள். திரும்பிப் போய்ச் சரிபார்க்க வேண்டியதே இல்லை..."

அம்மாவின் மாத்திரைக்கு வெந்நீர் வைத்தேனே, அடுப்பை அணைத்தேனா?

பாழாய்ப்போன வாய் மைக்கிலேயே கேட்டுவிட்டது: "எம்மா, கேஸ ஆஃப் பண்ணேனா?"

"நான் பண்ட்டேன்டா! நீ பேசு!"

"ரெகுலேட்டரு?"

"அத்தயுந்தான்டா!"

"மாமே, அப்டியே என் ஊட்லயும் ஒரு தபா பாத்துடு!" என்றான் டேவிட். பெரிய வெள்ளியும் அதுவுமாகச் சபையே குலுங்கியது. போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏழாம் வார்த்தை," என்றார்.

வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் தப்பிக்கப் பார்த்தேன். ஜெசியின் அப்பா பிடித்துக்கொண்டார். பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை அவருக்கு.

"ரெகுலேட்டர் வரைக்கும் கேட்டீங்களே தம்பி! எங்க ஃபேக்டரில இதக் கேக்கறதுக்குன்னே சம்பளம் கொடுத்து ஆள் வெச்சிருக்கோம். எனக்குச் சம்மதம். பொண்ணும் சரின்னுட்டா."

"நெஜமாவா சார்?"

"நெஜந்தான்."

"அப்பறமா மனசு மாறிட மாட்டாங்களே?"

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜெசியின் குரல் வந்தது: "இன்னொரு தபா கேட்டார்னா மாறிடும்னு சொல்லுப்பா."

வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது.

மாமனார் வீட்டு விசேஷங்களில் இன்றும் என் பெயர் புழக்கத்தில் இல்லை. "ஆறாம் வார்த்தை சாப்ட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். போன மாதம் பந்தியில், புதிதாக வந்த சகலை நான் ஏதோ பெரிய பிரசங்கியார் என்று நம்பி, "அண்ணன் ஒரு வார்த்தை பேசினா ஆசீர்வாதமா இருக்கும்," என்று பக்தியோடு எழுந்தார். ஜெசி ஓடி வந்து அவர் வாயில் வடையைத் திணித்தாள்.