பதினோரு மணி மாத்திரை

அம்மா வேலைக்குக் கொண்டுபோய் வந்த டிபன் போசியைக் கழுவ எடுத்தபோது மூடிக்குள் ஒட்டியிருந்த சின்னக் காகித உறை கெசியாவின் கையோடு வந்தது. பிரித்தாள். உள்ளே ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை.

"அம்மா, என்ன இது?"

கிளாடிஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நாளைக்குச் செட்டு கண்ணு."

சூலூர்ப் பக்கம் தறிக்குடோன் வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் செட்டு என்றால் என்னவென்று சொல்வாள். மருந்துக்கடையில் போய் "கால் வலிங்க, ஒரு செட்டு குடுங்க" என்றால், மூன்று நிறத்தில் உதிரி மாத்திரை எடுத்து உறையில் போட்டுத் தருவார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம், மாத்திரைக்குப் பேரும் கிடையாது. பதினோரு மணி டீயோடு விழுங்கினால் சாயங்காலம் வரை நூல் சுற்றும் மெஷின் முன்னால் நிற்கலாம். காலையில் பல் துலக்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

கெசியா பயப்படக் காரணம் இருந்தது. போன வருஷம் கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "இனிமே வலி மாத்திரை தொட்டா கிட்னி போயிரும்" என்று கிளாடிஸின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். பக்கத்துத் தெரு நரசிம்மலு அப்படித்தான் போய்ச்சேர்ந்தார். கெசியாவுக்கு அப்பா இல்லை. இருப்பது இந்த ஒரு ஆள்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கலை கண்ணு. இது ஒண்ணும் பண்ணாது. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"அடிமையானவங்க எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க."

யூடியூபில் ஒரு டாக்டர் சொன்னதைப் பார்த்திருந்தாள். மறுப்பது முதல் அறிகுறி. உறையைச் சாக்கடையில் வீசினாள். கிளாடிஸ் பேசாமல் வெங்காயத்துக்குத் திரும்பினாள். பேசாமல் இருப்பது இரண்டாவது அறிகுறி.

அந்தக் குடும்பத்திலேயே முதல் டிகிரி கெசியாவுடையது. அது வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பேசினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. படிக்கவைத்தவர்களுக்கு வரும் கஷ்டம் இது.

மறுநாளும் போசியில் ஓர் உறை இருந்தது. கெசியா நேராக ஈஸ்வரமூர்த்தியின் மருந்துக்கடைக்குப் போனாள்.

"ஏனுங்க, எங்கம்மாவுக்குச் செட்டு குடுக்கறது நீங்கதானா?"

"ஆமாங்க அம்மணி. அம்மாவுக்குன்னே தனியா எடுத்து வெச்சிருக்கறனுங்க."

"தனியா வேறயா? வெக்கமா இல்லைங்களா?"

"அது அப்படி இல்லீங்க. அது வந்துங்க..."

"சீட்டு இல்லாம உதிரி மாத்திரை விக்கறீங்கன்னு டிரக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் போட்டா என்ன ஆகும்?"

ஈஸ்வரமூர்த்தி காகித உறைக் கட்டை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார். அந்த ஆளை ஒரு வாக்கியமாவது முடிக்க விட்டிருக்கலாம். அன்றிலிருந்து அந்தக் கடையில் யாருக்குமே செட்டு இல்லை என்று ஆனது. சாயங்காலம் தெருப் பெண்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏனக்கா, உம்புள்ள படிச்ச படிப்புக்கு எங்க முட்டிதான் கெடைச்சுதா?"

கிளாடிஸ் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த நாளிலிருந்து வேலை விட்டதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய் வேறு கடையில் வாங்கி வந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கிப்போயின. வலியோடு நடந்துபோய் வலி மாத்திரை வாங்குவது மூன்றாவது அறிகுறி. கெசியா பயந்துபோய்ச் சர்ச்சுக்கு ஓடினாள்.

"ரகசியமா ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றுதான் போதகர் பெனடிக்டிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணை மூடி மைக்கைப் பிடித்தார். "ஆண்டவரே, மாத்திரைக்கு அடிமைப்பட்டுக் கிடக்கிற எங்கள் சகோதரி கிளாடிஸை விடுவியும்." சபையே ஆமென் சொன்னது.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு தேவதாஸ் கிளாடிஸிடம் ஒதுங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், அது என்ன மாத்திரைங்க? எனக்கு இடுப்புப் புடிச்சு ஒரு வருஷமாச்சு." அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.

பஸ்ஸில் கிளாடிஸ் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "கர்த்தருக்குத்தான் முன்னாலயே தெரியுமே கண்ணு. மைக்குல வேற சொல்லோணுமா?"

கெசியா அப்போதாவது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேம்மா வலிக்குது என்று கேட்டிருந்தால் போதும். அவள் கோபத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். கோபம் கைக்கு வாகாக இருந்தது.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் குடோனுக்கே போனாள். முதலாளி பொங்கியண்ணன் நல்ல மரியாதையோடு நாற்காலி போட்டார்.

"உங்க குடோன்ல எல்லா லேடீசும் டீ டைம்ல மாத்திரை முழுங்கறாங்க. நீங்க பார்த்துட்டு நிக்கறீங்க."

"நான் ஒருத்தரு வாயிலயும் ஊட்டறதில்லீங்களே அம்மணி. வலிக்குதுங்கறாங்க, போட்டுக்கறாங்க. பாவமேன்னு உட்டுட்டனுங்க."

"எங்கம்மா கிட்னிக்கு ஒண்ணு ஆச்சுன்னா லேபர் ஆபீஸ்ல வந்து இந்தப் பாவத்தைச் சொல்லுங்க."

பொங்கியண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "சரீங்க. நாளைல இருந்து குடோனுக்குள்ள மாத்திரையே கெடையாது. டீ வரும், குடிப்பாங்க, மெஷினுக்குப் போவாங்க. போதுங்களா?"

"போதும்."

ஒரு முதலாளி இத்தனை சுலபமாக, அதுவும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, கிளாடிஸ் முதல்முறையாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"ஏன் கண்ணு, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டுட்டுப் போயிருக்கலாமல்லோ?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"ஆமா" என்றாள் கிளாடிஸ்.

ஒரு வாரம் போசி சுத்தமாக வந்தது. கெசியா தினமும் மூடியைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் கழிப்பறைக்குப் போவதையும் பார்த்தாள். பழக்கத்தை விடும்போது உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும் என்று அந்த யூடியூப் டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் கிளாடிஸ் மெஷின் முன்னாலேயே மயங்கி விழுந்தாள். கூட வேலை பார்க்கும் சாமியாத்தாள்தான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். கெசியா ஆபீசிலிருந்து ஓடிவந்தபோது கிளாடிஸுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. காலிரண்டும் கட்டை மாதிரி கிடந்தன.

அதே டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "கிட்னி நல்லாத் தேறியிருக்கே. வலி மாத்திரையை விட்டுட்டாங்க போல."

"நான்தான் டாக்டர் நிறுத்தினேன். போன வாரம்."

"போன வாரமா? ஒரு வாரத்துல இந்த அளவுக்குத் தேறாதும்மா. இவங்க விட்டு ரொம்ப நாளாயிருக்கும்." அவர் கிளாடிஸின் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "காலுதான் மோசம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கெசியா சாமியாத்தாள் பக்கம் திரும்பினாள். "தினமும் செட்டு வாங்கினாங்க. நானே கண்ணால பார்த்தேன்."

"அது சத்து மாத்திரை கண்ணு. டாக்டரு சொன்ன அன்னைக்கே உங்கம்மா வலி மாத்திரையை உட்டுப்போட்டா. பார்க்கறதுக்குச் செட்டாட்டவே இருக்கோணும்னு கடைக்காரருகிட்டச் சொல்லி வாங்கிட்டு வருவா."

"வலியை நிறுத்தாத மாத்திரையை எதுக்கு முழுங்கணும்? ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ ஓனருகிட்டச் சண்டைக்குப் போயிருவேன்னு பயந்துக்கிட்டா."

"எதுக்குச் சண்டை?"

சாமியாத்தாள் கிளாடிஸின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள்.

"மாத்திரை போட்டவங்களை மட்டுந்தான் கண்ணு, அது புடிக்கற வரைக்கும்னு அந்த மனுசன் பத்து நிமிஷம் உக்கார உடுவாரு."