சபாபதியின் பத்து நாள் வைத்தியம்

செத்தாலும் ஊசி மட்டும் குத்திக்கொள்ளக் கூடாது என்பது சபாபதியின் கொள்கை. மூச்சிரைப்பு வந்து எட்டு வருஷம் ஆகிறது. மார்கழி பிறந்தால் தறிக்குழியில் உட்கார்ந்து துருத்தி மாதிரி ஊதுவார். கொள்கை மட்டும் மாறவில்லை.

கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. அவர் நடுவில் நூல் நாடா விட, பெண்டாட்டி கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா விட வேண்டும். அவர் இரண்டு தரம் விடுவார், நாலு தரம் இருமுவார். அதுவரைக்கும் அவள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அலுத்துப்போய், ஓரிக்கையில் இருந்த அக்குபஞ்சர் டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"இது நோயை நேரா அடிக்காதும்மா," என்றார் டாக்டர் கைலாசம். "உடம்புல தூங்கற எதிர்ப்பு சக்தியத் தட்டி எழுப்பும்னு செய்யறோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. பத்து நாள் வரட்டும். மாத்திரைய நிறுத்த வேணாம்."

மறுநாள் சபாபதி தனியாகச் சைக்கிளில் போனார். டாக்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே அத்தனையும் ஊசி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், பாலாற்று மணலில் போய்த்தான் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் ஆஸ்பத்திரி.

தினமும் வீட்டில் விசாரணை.

"இன்னிக்கு எத்தினி ஊசி?"

"ஏழு."

"எங்க?"

"முட்டிக்குக் கீழ நாலு, கையில மூணு."

"வலிக்குதா?"

"எறும்பு கடிச்சாப்ல இருக்குது. நான் கண்ணக்கூட மூடல."

"இருமலையே காணோமே."

"எதிர்ப்பு சக்தி ஏறிக்கினு இருக்குது இல்ல."

ஏறியதெல்லாம் இருமல்தான். தொண்டைவரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, முழி பிதுங்க நெய்தார்.

பத்தாம் நாள் வீடு வந்ததும், "கோர்ஸ் முடிஞ்சிது. இனிமே ஊசியே வேணாம்னுட்டார். என் உடம்பப் பாத்து அவருக்கே ஆச்சரியம்," என்றார்.

"எப்படிப் பாத்தாரு? ஒம்போது நாளா அந்தக் கட்டில்ல நான்தான் படுத்துக்கினு இருக்கேன்."

"எந்தக் கட்டில்?"

"டாக்டர் கட்டில். எப்படிப் போவுதுன்னு கேக்க ரெண்டாம் நாளே போனேன். ஆளு ஓடிட்டாரும்மான்னாரு. உங்களுக்குக் குடுத்த நேரம் வீணாப் போவுதேன்னு நானே படுத்துட்டேன். பஸ்லேர்ந்து பாத்தா ஆத்து மணல்ல நீங்க தெரியறீங்க."

"உனக்கு இன்னா நோவு?"

அவள் விரல்களை மெல்ல மடக்கிக் காட்டினாள். "மூணு வருஷமா காலைல இது மடங்காது. வீங்கிக் கெடக்கும். நீங்க எங்க பாத்தீங்க. உங்களுக்கு எதிர்ப்பு சக்தி தூங்குதாம். எனக்கு அது தூங்காம என் மூட்டுங்களையே போட்டு அடிக்குதாம். ரெண்டுத்துக்கும் இதே ஊசிதான்னாரு. எனக்கும் பயந்தான். எறும்புன்னு நீங்க வுட்ட புளுகையே நெனச்சுக்கினு படுத்தேன்."

சபாபதி வாயைத் திறந்தார். இருமல் வந்தது. பத்து நாள் இருமலும் ஒன்றாக வந்தது.

மறுநாள் காலை சைக்கிளை மிதித்தவர் சபாபதி. பின்னால் கமலவேணி. டாக்டர் வாசலில் இறங்கியதும் வண்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உள்ள போங்க. நான் வாசப்படியிலதான் உக்காந்துக்கினு இருப்பேன். ஒண்ணுக்குப் போவணும்னா இப்பவே போய்ட்டு வந்துடுங்க."