அப்பவே சொன்னவர் கடலில் இறங்கியபோது

மனிதர்களில் 'அப்பவே சொன்னவர்' என்று ஓர் இனம் உண்டு. இவரைத் தேடி நீங்கள் எங்கும் போகவேண்டியதில்லை. ஏதாவது ஒன்று உடையட்டும், பிந்தட்டும், தொலையட்டும், அவராகவே வந்துவிடுவார். ரயில் நின்றால் வருவார். கல்யாண வீட்டில் சோறு முடிந்தால் வருவார். பனியில் நீங்கள் வழுக்கி விழுந்து, எழும்புவதா இப்படியே கிடப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது தலைமாட்டில் இரண்டு சப்பாத்துகள் தெரியும். மேலேயிருந்து குரல் வரும். "நான் அப்பவே சொன்னனான், இந்தச் சப்பாத்து இஞ்சை சரிவராதெண்டு."

எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். "நீங்கள் மறந்துபோவியள் எண்டும் சொன்னனான்" என்ற பதிலோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

இந்த இனத்தில் நன்றாக முற்றி விளைந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் ஸ்ரனிஸ்லாஸ். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில், எங்கள் அடுக்குமாடியில்தான் இருக்கிறார். பகலில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். மற்ற நேரமெல்லாம் கடலைப் பற்றிக் கதைக்கிறார். மன்னாரில் பிறந்தவருக்குக் கடல் தெரியாதா? மன்னாரில் அவர் புடவைக்கடையில் நின்றவர், முதன்முதல் வள்ளத்தில் ஏறியது ஒஸ்லோவுக்கு வந்த பிறகுதான் என்று அவருடைய மனைவி மரியரஞ்சனி சொல்லுவார். அப்போது மட்டும் ஸ்ரனிஸ்லாஸ் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

மரியரஞ்சனியின் தங்கை மகள் டிலக்சிக்குக் கடலாய்வில் வேலை. ஒஸ்லோவின் உள்கடலில் 'நீசெ' என்றொரு பிராணி உலாவுகிறதா என்று கண்டுபிடிக்கவேண்டும். நீசெ ஓங்கிலுக்கு, அதாவது டொல்பினுக்கு, சொந்தம்தான், ஆனால் அதைவிடச் சின்னது, கூச்சம் கூடியது. துள்ளிக் காட்டாது. மூச்சுக்காக முதுகைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு மறைந்துவிடும். கண்ணால் பார்த்துக் கணக்கெடுப்பது வீண் வேலை, காதால்தான் பிடிக்கவேண்டும். ஓயாமல் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, திரும்பிவரும் எதிரொலியில்தான் அது வழி பார்க்கிறது, இரை பிடிக்கிறது. அந்த ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. ஆகவே கடலுக்குள் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, எடுத்துவந்து, கணினியில் வேகத்தைக் குறைத்துக் கேட்கவேண்டும்.

இதையெல்லாம் டிலக்சி ஒருநாள் பெரியம்மா வீட்டில் விளங்கப்படுத்தினாள். ஸ்ரனிஸ்லாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். அதாவது, அவள் எங்கே மூச்சுவிடுவாள், தான் எப்போது குறுக்கே புகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சை அது இல்லைப் பிள்ளை. கப்பல் சத்தத்துக்கு எப்பவோ ஓடியிருக்கும்."

"இருக்கோ இல்லையோ எண்டு பாக்கத்தானே பெரியப்பா கருவி வைக்கிறம்."

"வைச்சுப் பார். நான் சொன்னனான் எண்டது மட்டும் நினைவிருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, தன் பெறாமகள் கடலுக்குள் 'நிஸ்ஸெ' தேடுவதாக ஒரு நோர்வேஜியப் பெரியவருக்கு அறிவித்தார். நிஸ்ஸெ என்பது நோர்வேக் கதைகளில் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போகிற சிவப்புத் தொப்பிக் குள்ளன். பெரியவர் கோப்பையை வைத்துவிட்டு, கடலுக்குள்ளும் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். முந்தி நிறைய இருந்தது, கப்பல்கள் வந்த பிறகு எல்லாம் ஓடிவிட்டது என்று ஸ்ரனிஸ்லாஸ் வருத்தத்தோடு சொன்னார்.

கோடை வந்தது. கீழ்வீட்டுக் கிளெமென்ற் பஸ் ஓட்டுபவர். சின்ன வள்ளம் ஒன்று வைத்திருக்கிறார். அவரும் ஸ்ரனிஸ்லாஸும் மக்ரெல் மீன் பிடிக்கப் போனார்கள். தூண்டிலில் மீனுக்குப் பதிலாகக் கயிறு ஒன்று மாட்டியது. இழுத்தால் ஒரு சாம்பல் நிற உருளை வந்தது. அதில் ஒட்டியிருந்த தாளைப் பாசி மூடிவிட்டது. ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

"அண்ணை, நம்பர் ஒண்டு கிடக்கு. ஒருக்கா அடிச்சுப் பாப்பமே?"

"தேவையில்லை. இது பழைய வள்ளத்துப் பம்ப்."

"பம்ப் எண்டால் தண்ணி போக ஓட்டை இருக்குமே?"

"அதுதான் பழசெண்டுறன்."

கிளெமென்ற் அடக்கமான மனிதர். பம்ப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் பல்கனியில் நிறுத்தி, அதன்மேல் குடை சாய்த்து வைத்தார்.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மரியரஞ்சனி எனக்குச் சொன்னது. கோடை முடிய ஒரு பின்னேரம் டிலக்சி வந்து பெரியம்மாவின் குசினியில் இருந்தாள். வைத்த சோற்றைத் தொடவில்லை. மற்ற இடங்களில் வைத்த கருவிகளில் கப்பல் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. அவள் வாதாடி இடம் பிடித்து வைத்த கருவியையே காணவில்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆய்வு நின்றுவிடும். தற்காலிகமாகக் கிடைத்த அவளுடைய வேலையும் அதோடு போய்விடும். சரியாகக் கட்டாததால்தான் தொலைந்தது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"முடிச்சு நான்தான் பெரியம்மா போட்டனான்" என்றாள்.

ஏதோ தொலைந்துவிட்டது. அப்பவே சொன்னவர் வராமல் இருப்பாரா? ஸ்ரனிஸ்லாஸ் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "நான் அப்பவே சொன்னனான் பிள்ளை, முடிச்சுப் போடத் தெரிஞ்ச ஆக்களைக் கூட்டிக்கொண்டு போ எண்டு. கடல் முடிச்சு வேறை."

டிலக்சி கைபேசியை எடுத்தாள். கருவியின் படத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டினாள். மரியரஞ்சனி கைபேசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இது கிளெமென்ற் வீட்டுப் பல்கனியிலை நிக்குது. நேற்றும் கண்டனான்."

ஸ்ரனிஸ்லாஸ் படத்தைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

கிளெமென்ற் இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, குழந்தையைக் கொண்டுவருவது போலப் படியேறி வந்தார். டிலக்சி அதைத் தன் கணினியோடு தொடுத்தாள். பதிவு பத்திரமாக இருந்தது. எந்த இடத்தில் கடல் முடிந்து பல்கனி தொடங்குகிறது என்று தேடினாள். முதலில் தண்ணீரின் உறுமல். பிறகு ஒரு சின்ன வள்ளத்து இயந்திரம் நெருங்கி வந்து நின்றது. எதிலோ முட்டிய சத்தம். அதன் பின் குசினி முழுவதும் ஒரு குரல், தெளிவாக:

"என்ன முடிச்சடா இது. ஆர் போட்டவனோ, எவ்வளவு இழுத்தும் அவிழுதில்லை. கிளெமென்ற், கத்தியைத் தா."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மரியரஞ்சனி அதைப் பூட்டினார். டிலக்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கிளெமென்றுக்கு விளங்கவில்லை. இரண்டும்தான்.

"மனிசர் கதைச்சது பதிவாகியிருந்தால் நாங்கள் அழிக்கவேணும்" என்றாள் கடைசியில். "அதுதான் சட்டம்."

"அப்ப அழி" என்றார் ஸ்ரனிஸ்லாஸ் உடனே.

"அழிப்பன் பெரியப்பா. மேலதிகாரிக்கு ஒருக்காப் போட்டுக் காட்டிப்போட்டு அழிப்பன்."

பிறகு அவள் பதிவைப் பின்னுக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறைத்தாள். நகத்தால் கண்ணாடிக் குவளையைத் தட்டுவது போல ஒரு சத்தம். நின்றது. திரும்ப வந்தது. மெல்ல மெல்ல நெருக்கமாகி, கடைசியில் ஒரே கோடாக ஓடியது. மீனைத் துரத்தும்போது நீசெ இப்படித்தான் ஒலிக்கும் என்றாள். கோடைத் தொடக்கம் முழுவதும் கருவி இருந்த குடாவுக்கு அது வந்துபோயிருக்கிறது. சில நாட்களில் இரண்டு ஒலிகள் பக்கத்தில் பக்கத்தில் போயிருக்கின்றன.

ஸ்ரனிஸ்லாஸ் முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் மூச்சுவிடும் இடத்தை அவர் பார்க்கவில்லை.

"எனக்கு இது தெரியாது பிள்ளை" என்றார். "அந்த நம்பருக்கு அடிச்சிருக்கலாம்."

திருமணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று மரியரஞ்சனி என்னிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பயந்துபோய் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாராம். காய்ச்சல் இல்லை.

ஆய்வு அடுத்த வருடமும் நடக்கிறது. டிலக்சியின் வேலையும் தப்பிவிட்டது. புதிய கருவிகளில் நோர்வேஜிய மொழியோடு தமிழிலும் ஒரு வரி ஒட்டியிருக்கிறாளாம்: 'இது பம்ப் அல்ல. தயவுசெய்து அழையுங்கள்.'

ஸ்ரனிஸ்லாஸ் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நானும் நினைத்தேன். கோப்பி மேசையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். "நான் அப்பவே சொன்னனான், அந்தச் சாமானை மேலை எடுக்கவேணுமெண்டு. எடுக்காட்டில் பிறகு அடிச்ச காத்துக்கு அது டென்மார்க் போயிருக்கும்." பக்கத்தில் நின்ற கிளெமென்ற், சீனி போடாத கோப்பியைக் கலக்கிக்கொண்டேயிருந்தார்.

கதை இவ்வளவுதான். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். தூண்டிலில் மாட்டியது இன்னது என்று, கயிறு வரும்போதே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லவும் செய்தீர்களா? சொல்லிவிட்டு, சரியாக வந்ததும் அவர் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்களா?

அப்படியானால் உங்கள் பெயரை எனக்கு அறிவிக்கவேண்டாம். உங்கள் வீட்டார் ஏற்கெனவே அறிவித்துவிட்டார்கள்.