கருந்துளையை வென்ற மேசைவிரிப்பு

பேசாலை.

அண்டத்தின் ஓட்டைகளையெல்லாம் கணக்கால் கட்டியாளும் அருமை மருமகள் டினோஜாவுக்கு, உன் தாய்மாமன் சந்தியோகு அறிவிக்கும் வெற்றிச் செய்தி. மாதாவின் தயவால் இங்கு எல்லோரும் சுகம். உன் அம்மாவின் கோபமும் நல்ல சுகத்தோடுதான் இருந்தது, நேற்று நான் அதைத் தோற்கடிக்கும்வரை.

நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு மன்னாரில் கந்தோர் வேலைக்கு வரவேண்டுமென்று அக்கா விண்ணப்பப் படிவத்தோடு கதிரையில் குந்திவிட்டா. "நாலு வருசமா ஒருத்தரும் காணாத நூலை அளக்கிறாளாம்" என்றா. அந்த அண்ட இழையைப் பற்றி நீ போனில் விளக்கியதைக் கண்முன்னே காட்டினால் மனம் இளகும் என்று, மேசையில் கிடந்த வட்ட விரிப்பை எடுத்து, நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு முக்கோணத் துண்டை வெட்டியெறிந்து, இரண்டு கரையையும் வலை தைக்கும் நைலோன் நூலால் சேர்த்துத் தைத்தேன். விரிப்பு கூம்பாக எழும்பி நின்றது. "பாருங்கோ அக்கா, அண்ட இழை ஓடுற இடத்திலை வெளி இப்பிடித்தான். எங்கை தடவினாலும் துணி நேர்தான், சுத்தி வந்தால் மட்டும் வட்டம் குறையும்."

அக்கா கோபத்தில் கொதித்து எழும்பினா. கட்டுக்கரைக் குளம் பக்கத்தில் இருந்திருந்தால் ஆவியாகிப் போய் முசலியில் மழையாக விழுந்திருக்கும். மின்னூட்டம் உச்சியில் நிற்கும் சின்னக் கருந்துளை, தடித்த இழையின் புலத்தை உள்ளே விடாமல் வெளியே தள்ளும் என்றாயே, அதை நான் கண்ணால் கண்டேன். என் சொற்களெல்லாம் அக்காவைச் சுற்றி வளைந்துபோய்க் குசினிக்குள் விழுந்தன. "உனக்கென்ன விசரோடா?" என்றா. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அக்காவின் மின்னூட்டம் ஒரு மிடறு இறங்கியது. புலம் உள்ளே புகுந்தது.

"இந்த நூலைப் பிடிச்சு இழுத்தால் அவள் சொல்லுற ஓட்டையும் சேர்ந்து வருமோ?"

"ஓம் அக்கா. இழை கருந்துளையையே இழுத்துக்கொண்டு ஓடும் எண்டுதான் அவள் கணக்குப் போடுறாள்."

"அப்ப போட்டு முடிக்கட்டும்" என்று படிவத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. தலைமன்னார் வெளிச்சவீடே எனக்குத் தலை குனிந்தது, பிள்ளை. நீ படி.

உன் சூத்திரங்களுக்கு மடுமாதா காவல் நிற்பாளாக.

வெற்றிவீரன்,
மாமா சந்தியோகு

பி.கு: மகள், அம்மா எழுதிறன். கடிதத்தை ஒட்டமுதல் வாசிச்சிட்டன். அந்தப் படிவத்தின்ரை திகதி போன கிழமையே முடிஞ்சுது, நான்தான் முடியவிட்டனான். மாமா வெட்டினது என்ரை விரிப்பில்லை, மாமியிட்டை இரவல் வாங்கினது. மாமா இன்னும் அதைக் கவனிக்கேல்லை. மாமி நாளைக்கு முள்ளிக்குளத்தாலை வாறா. மின்னூட்டத்தின்ரை உச்சி எதெண்டு மாமா பிறகு எழுதுவார்.