கிரைண்டரில் ஆட்டிய கேக்

கவிதை எழுதுகிறவர்கள் கையில் கரண்டியைக் கொடுக்கலாம். குழந்தையைக்கூடக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொடுக்கக் கூடாது.

சில வருடங்களுக்கு முந்தைய கோடை. கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் என் தங்கை சுதாவின் மகள் மகிழினிக்கு அப்போது பின்னம் என்றாலே வயிற்றுவலி. (நடிப்பில்லை. ‘முக்கால்’ என்று சொன்னாலே முகம் வெளிறும்.) ஆறாம் வகுப்புக் கணக்கில் மார்க் விழவில்லை. லீவு முழுக்க டியூஷன் என்று சுதா முடிவுசெய்துவிட்டாள். பிள்ளை எனக்குப் போன் போட்டு அழுதாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை குடு சுதா. கேக் சுட்டே கணக்கும் சயின்ஸும் சொல்லித் தர்றேன். பயம் தெளியலைன்னா டியூஷனுக்கு அனுப்பிக்கோ” என்றேன்.

அதுவரை நான் கேக் தின்றிருக்கிறேன்; சுட்டதில்லை. (‘வெண்மேகத்தை வாணலியில் வேகவைத்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். அது அனுபவத்தில் சேராது.)

சுதா வீட்டுச் சமையலறையில் மகிழினியோடு அவள் தோழிகள் மூன்று பேர். ஆளுக்கொரு கேக், ஆக நான்கு பங்கு. “ஒரு கேக்குக்கு முக்கால் கப் சக்கரை. நாலுக்கு?” என்றேன். மகிழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முக்கால் கப்பாக நான்கு முறை பாத்திரத்தில் கொட்டி, அதை முழுக் கப்பால் திரும்ப அளந்து பார்த்து, “மூணுங்க பெரிம்மா! சரியா மூணு!” என்று கத்தினாள். தயிரில் சோடா உப்பு விழுந்து நுரைத்தபோது நான்கு பேரும் கைதட்டினார்கள். எனக்குத் தலை கூரையைத் தொட்டது.

இவ்வளவு மாவையும் எதில் கலப்பது? மிக்ஸி ஜாரில் அடங்கவில்லை. மூலையில் கிரைண்டர் நின்றிருந்தது. கோயமுத்தூர்க்காரிக்கு அதற்குமேல் யோசனை எதற்கு? உளுந்து ஆட்ட ஆட்டப் பொங்குகிறது. மைதா மட்டும் பொங்காமல் என்ன செய்யும்?

அரை மணி நேரம் ஆட்டினேன். கல் உருள உருள, “பாருங்க கண்ணுங்களா, ஒவ்வொரு துளியிலும் ஒரு வானம் புகுந்துட்டிருக்குது” என்று உரை வேறு. ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

ஓவனைத் திறந்தபோது வானம் எதுவும் இல்லை. நான்கு கேக்கும் தட்டையாக, பளபளப்பாகப் படுத்திருந்தன. கத்தியை வைத்தேன், கத்தி எம்பித் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை புருஷன் செந்தில் பட்டறையிலிருந்து வந்தார். பம்புக்கு ரப்பர் வாஷர் செய்கிறவர். ஒரு துண்டை வளைத்தார், இழுத்தார், காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். “ஏனுங்க அக்கா, இதுல என்னதானுங்க கலந்தீங்க? எங்க பட்டறைல இந்தப் பதம் வரவே மாட்டேங்குதுங்க.”

சுதா சிரிக்கவில்லை. “போதுங்க்கா. நாளைக்குக் காலைல டியூஷன்.”

நான் தலை குனிந்தேன். மகிழினி குனியவில்லை.

“நான் போட்ட கணக்கு சரிங்மா! முக்கால் நாலு தடவ மூணுதான். நான் அளந்து பாத்தேன். தப்பு வேற எங்கியோ இருக்குது.”

பின்னத்துக்குப் பயந்த பிள்ளை பின்னத்துக்காக அம்மாவோடு சண்டை போடுகிறது! நான் வாயை மூடிக்கொண்டேன். (அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.)

“பெரிம்மா, ஒண்ண மட்டும் மாத்திப் பாக்கலாங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். கிரைண்டர் வேண்டாம், கரண்டி.”

மீதியிருந்த மைதா அரை கேக்குக்குத்தான் வந்தது. சர்க்கரை? முக்காலில் பாதி! நான் வியர்த்தேன். அவள் முக்கால் கப் சர்க்கரையை இரண்டு டம்ளரில் சமமாகக் கொட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. “எட்டுல மூணு.” கரண்டியால் மாவு ஈரமாகும் மட்டும் கலக்கி நிறுத்தினாள்.

அது எழும்பியது. ஓவன் கண்ணாடியில் ஆறு மூக்குகள் ஒட்டியிருக்க, மெத்தென்று எழும்பியது. மைதாவை அதிகம் ஆட்டினால் அதன் புரதம் ரப்பர்போலப் பின்னிக்கொள்ளும், சோடா கொடுத்த காற்றும் ஓடிப்போகும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம், டீச்சரான நான் உட்பட.

சுதா ஒரு வாய் தின்றாள். வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தாள். “ஏனுங்க சார், பாப்பா இந்த லீவுக்கு வரலீங்க. இல்லீங்க, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஊட்டுல கேக் சுடறாளுங்க.”

முதல் கேக்கில் ஒரு துண்டு இன்றும் அந்தக் கிரைண்டரின் ஆடும் காலுக்கு அடியில்தான் இருக்கிறது. எறும்புகூடத் தொடவில்லை என்று வருகிறவர்களிடம் செந்தில் சத்தியம் செய்கிறார்.

மகிழினி இப்போது பத்தாம் வகுப்பு. நான் எதை எழுதினாலும் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவேன். வரி கொஞ்சம் நீண்டால் போதும், அந்த வீட்டில் யாராவது ஒருவர் கிரைண்டர் சுவிட்சை அணைப்பதுபோல் விரலைத் தட்டுவார். இந்தக் கதையையும் படித்துக் காட்டினேன். இதற்கு மேல் இன்னும் நான்கு பத்தி இருந்தது, மேகம், வானமெல்லாம் வைத்து.

“பெரிம்மா, நல்லா எழும்பிருச்சுங்க. ஆட்டாதீங்க, எறக்கீருங்க.”