எண்பதாம் நம்பர் தாள்

வாட்ச் செயினில் ஆல்பர்ட்டின் மூக்கு தெரிந்தது.

நேற்று வரை அதில் யாருடைய மூக்கும் தெரிந்ததில்லை. பளபளப்பில்லாத எஃகு, நீளவாக்கில் மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகள்தான் அந்த வாட்சுக்கே அழகு. போன மாதம் நிச்சயதார்த்தத்தில் பெண் ஏஞ்சலினின் அப்பா சின்னப்பன், கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி, தன் கையாலேயே கட்டிவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பெண் வீட்டார் நேராக இங்கேதான் சாப்பிட வருகிறார்கள்.

"அம்மா! இத இன்னா பண்ண?"

அமலோற்பவம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கோடு கோடா கீறலா இருந்துச்சிடா. கொலுசு பாலிஷ் போடற பட்டறைல குடுத்தேன். மிஷின்ல வச்சி ஒரே ஓட்டு. எப்டி மின்னுது பாரு!"

"அது கீறல் இல்லம்மா. கம்பெனிலயே அப்டித்தான் வரும்."

"கம்பெனிக்காரன் புதுப் பொருளக் கீறியாடா குடுப்பான்?"

"யாரக் கேட்டுக் குடுத்த?"

அமலோற்பவம் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஆல்பர்ட் ஏஞ்சலினுக்குப் போன் செய்தான்.

"உங்கப்பா என் வாட்சையெல்லாம் கவனிப்பாரா?"

"கவனிப்பாராவா? சேலத்துல மூணு கடை ஏறி எறங்கி எடுத்தாரு. ஒரு வாரமா அதப் பத்தியேதான் பேசிக்கினு இருக்காரு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

கொடுத்த வாட்சை ஒரு மாதம் ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன், கொடுக்கப்போகும் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான்? சின்னப்பன் அப்படித்தான் நினைப்பார். நினைக்காமல் எப்படி இருப்பார்?

ஆல்பர்ட்டுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவன். கோடுகளைத் திரும்பக் கொண்டுவர யூடியூபில் வழி இருந்தது. அதை ஒரு தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டான். கண்ணாடி மேல் டேப் ஒட்டவும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் தேய்க்கவும்.

பாதிச் செயின் தேய்த்ததும் சந்தேகம் வந்தது. நீளவாக்கா, குறுக்குவாக்கா? வீடியோக்காரன் போனைத் திருப்பி வைத்து எடுத்திருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று மீதிப் பாதியைக் குறுக்கே தேய்த்தான். பிறகு அதுதான் தப்பு என்று தோன்ற, மறுபடி நீளவாக்கில் தேய்த்தான்.

"மின்னிக்கினு இருந்ததப் போயி..." அமலோற்பவம் தலையில் கை வைத்தாள். "போதும் வுட்றா. அந்தப் பட்டறைக்கே எடுத்துக்கினு போறேன். பளபளன்னு கட்டிக்கோ. அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

"நீ சும்மா இரும்மா!"

வாட்சை எடுத்துக்கொண்டு தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் நண்பன் தீனதயாளனிடம் ஓடினான்.

"இன்னா மச்சான், வாட்சுக்கு லுங்கி கட்டி வுட்டிருக்க? கட்டம் கட்டமா கீது!"

"டேய், கோடு நேரா வரணும்டா."

"அவ்ளோதான?" தீனதயாளன் கையில் கிடைத்த உப்புத்தாளைக் கிழித்து அழுத்தி ஓர் இழு இழுத்தான். கோடு நேராகத்தான் வந்தது. நகம் உள்ளே போகும் அளவுக்கு வந்தது.

ஆல்பர்ட் தாளைத் திருப்பிப் பார்த்தான். எண்பதாம் நம்பர். துரு சுரண்டுவது.

"ஏர் ஓட்டிட்டியேடா பாவி!"

"மாமனாரு கரும்புக்காரருதான? தண்ணி பாய்ச்சிக் காட்டு. மனுசன் குளிர்ந்து போயிடுவாரு."

அதன் பிறகு ஆல்பர்ட் யார் பேச்சையும் கேட்கவில்லை. நம்பர் பார்த்து மூன்று தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மர ஸ்கேலை அணைவாக வைத்து, இருநூற்றிருபது, நானூறு, அறுநூறு என்று வரிசையாகத் தேய்த்தான். கடைசியில் பச்சை நார். நீளவாக்கில், ஒரே திசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. விளக்குப் போடும் நேரத்தில் போனைத் திறக்க விரலை வைத்தான். போன் அவனை யாரென்று தெரியாது என்றது. ரேகை தேய்ந்து போயிருந்தது.

ஆனால் கோடுகள் வந்துவிட்டன. நிச்சயதார்த்தப் போட்டோவோடு ஒத்துப் பார்த்தான். இரண்டாம் முறையும் பார்த்தான். அச்சு அசல் அதே வாட்ச். அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தான்.

மறுநாள் ஓலை வாசித்து முடிந்தது. பந்தியில் சின்னப்பன் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். பிரியாணியைப் பார்க்கவில்லை. ஆல்பர்ட்டின் மணிக்கட்டையே பார்த்தார். ஆல்பர்ட் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டான்.

சின்னப்பனின் முகம் சுருங்கியது. எடுத்த கவளம் இலைக்கே திரும்பியது.

"அப்டியே வச்சிருக்கேங்க மாமா," என்றான் ஆல்பர்ட். "நீங்க குடுத்தப்ப இருந்ததுல ஒரு கோடுகூடக் கொறயல."

சின்னப்பன் மெல்ல அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார். அவள் அவசரமாகத் தயிர்ப் பச்சடியைக் கிளறினாள்.

தண்ணீர் ஊற்ற வந்த ஏஞ்சலினின் அம்மா வாட்சைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாங்க சம்மந்தி, 'கீறல் வுழுந்தத வாங்கிட்டேனே, மாப்ளைக்குத் தெரியறதுக்குள்ள பாலிஷ் போட்டு எடுத்துடுங்க'ன்னு இவரு உங்களுக்குப் போன் பண்ணி அழாத கொறயா கெஞ்சினாரே, நீங்க குடுக்கவே இல்லீங்களா?"