கழுகுமலையில் வாங்கிய செட்டும் அதன் கயிறும்

பெற்ற தகப்பனைக் கழுகுமலை பஸ் ஸ்டாண்டில் யாரோ எவரோ மாதிரி விட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்றவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நான் பட்ட அவமானத்தைப் படித்துவிட்டு நீங்கள் பாவப்படக் கூடாது பாருங்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் குமாஸ்தா. அது ஊருக்கு. உள்ளுக்குள் நான் ஒரு ஹாம். வீட்டிலிருந்தபடியே சொந்த வயர்லெஸ் செட்டில் வெளிநாட்டுக்காரர்களோடு பேச அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கும். அதற்குப் பரீட்சை எழுதி, மோர்ஸ் தந்திக் குறிகளைத் தட்டிக் காட்டி, பாஸாகி, எனக்கென்று ஓர் அழைப்புக் குறியும் வாங்கியிருந்தேன். செட்தான் இல்லை. (பத்திரிகை அடித்தாயிற்று, பெண்தான் இன்னும் அமையவில்லை என்கிற நிலைமை.)

கழுகுமலையில் ராணுவ சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயரான ஒருவர், காது மந்தமாகிவிட்டதால் தன் செட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். சொந்த ஊரான நாகலாபுரம் போய் அப்பாவிடம் சொன்னேன். பருத்தி விற்ற பணம் வீட்டில் இருந்தது. "நானும் வாரேன்லே. பழசு வாங்கப் போற எடத்துல கூட ஒரு ஆளு வேணும்" என்றார்.

கிளம்புவதற்குள் அப்பா எங்கள் பங்காளி சின்னையாவிடம் சவாலும் விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு பல வருஷமாக உண்டு.

"எம் மவன் வார வெள்ளிக்கெழம சாயந்தரம் வெளிநாட்டுக்காரன்கூடப் பேசுதான். வந்து கேளு."

"கோயில்பட்டி லெட்டரே வந்து சேர நாலு நாளாவுது. இவன் வெளிநாட்டுக்குப் பேசுதானாக்கும்" என்று சின்னையா தெருவே கேட்கச் சிரித்தார். அப்பாவின் மானம் அன்றைக்கே அந்தச் செட்டில் மாட்டிக்கொண்டது.

செட் அருமையான செட். இரண்டு இரும்புப் பெட்டி. ஒன்று பேசுகிற பெட்டி, மற்றது அதற்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி. இரண்டையும் இணைக்க, கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள். நான் எல்லாம் தெரிந்தவன்போல் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்பா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதுகில் தட்டினார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார்.

"எத்தன கை மாறிருக்கு அண்ணாச்சி?"

"நான் ரெண்டாவது ஆளு."

"மொரண்டு பண்ணுமோ?"

"கோடையில கொஞ்சம் சூடாவும். மத்தபடி சாது."

பட்டாளத்து அண்ணாச்சி முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார். எனக்குத்தான் உடம்பு கூசியது. அடுத்து அப்பா தோள்துண்டை எடுத்து விரித்தார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். லைசென்ஸ் பெற்ற ஒரு ஹாம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? "நான் பஸ் பாக்குறேன்" என்று வெளியே வந்துவிட்டேன்.

அரை மணி கழித்து, சாக்குச் சுற்றிய இரண்டு பெட்டிகளும் அண்ணாச்சியின் சைக்கிளில் வந்தன. அப்பா கூடவே தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் சொன்ன பத்தடி தள்ளி நின்ற கதை அப்போதுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் தெருவே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. சின்னையா முன்வரிசை. நான் இன் பண்ணிய சட்டையோடு உட்கார்ந்து சாக்கைப் பிரித்தேன். கேபிள் இல்லை. உதறினேன். அப்போதும் இல்லை.

"அப்பா, இதுல ஒரு வயர் இருந்துச்சே?"

"அந்தக் கயிறா? அண்ணாச்சி கையிலயே கொடுத்துட்டேன்." அப்பா உள்ளே போய், மஞ்சள் தடவிய ஒரு புதுக் கயிற்றைப் பெருமையாகக் கொண்டுவந்தார். "நம்ம கயிறு வாங்கியாந்திருக்கேன். இதக் கட்டு."

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு விற்ற வீட்டிலேயே தங்கிவிடும். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். அப்பா அதைத்தான் செய்திருக்கிறார்.

நான் கத்திவிட்டேன். "ஒங்களுக்கு மாட்டுக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாதா? மானம் போவுது!"

தெரு என் பக்கம் நிற்கும் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அத்தை முதல் ஆளாகக் கேட்டாள்: "விக்கிற வீட்டுக் கயித்த எந்த மனுசனாவது கேப்பானா? அந்த வீட்டு லச்சுமியுமில்லா சேந்து போயிரும்."

சிரிக்க வந்த சின்னையாவே, "அண்ணன் செஞ்சதுதான் மொற" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "அது சரி, வெளிநாட்டுக்காரன் எங்க?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறி எழுந்தார். தெரு சிரித்தது. அப்பா புதுக் கயிற்றை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. (ஹாம் அல்லவா!)

மறுநாள் தனியாகக் கழுகுமலை போனேன். கேபிள் மாட்டுக் கொட்டகையில், பழைய மூக்கணாங்கயிறுகளோடு சேர்ந்து ஆணியில் தொங்கியது. எடுக்கப் போனேன். அண்ணாச்சியின் மனைவி குறுக்கே வந்தார்.

"வீட்டுக்கு வந்த கயித்தத் திருப்பிக் கொடுக்கப்படாது தம்பி. அதெல்லாம் ஆகாது."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "எல்லையில பீரங்கிக்கு முன்னால நின்னுருக்கேன் தம்பி. இவகிட்ட நடக்காது" என்றார் அவர்.

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் அந்தப் புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அந்த அம்மாளிடம் நீட்டி, "தாயி, ஒங்க வீட்டு ஆணி வெறுமனே இருக்கப்படாது. இது இங்கன கெடக்கட்டும். அத இவன் கொண்டுபோட்டும்" என்றார். அந்த அம்மாள் புதுக் கயிற்றைக் கண்ணில் ஒற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கேபிளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நிமிஷ வேலை. இந்த முறை பஸ் ஸ்டாண்டில் அப்பாவை ஒட்டியே நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அதே கூட்டம், அதே சின்னையா. வெகுநேரம் இரைச்சல்தான் வந்தது. நான் அழைத்து அழைத்து நாக்கு வறண்ட நேரத்தில் ஒரு குரல் இங்கிலீஷில் பதில் சொன்னது. கொழும்புக்காரர். பெயர் சொன்னதும் தமிழர் என்று தெரிந்தது. "செட்டை வாங்கிக் கொடுத்தவர் என் அப்பா. பக்கத்திலேயே இருக்கிறார்" என்றேன்.

"ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ" என்றது பெட்டி, தெருவுக்கே கேட்கும்படி.

அப்பா எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு மைக்குக்குக் கை நீட்டினார். எனக்கு வேர்த்துவிட்டது. லைசென்ஸ் இல்லாதவர் பேசினால் என் லைசென்ஸ் போய்விடும். மைக்கை அவர் வாயருகே பிடித்தேன். அதிலுள்ள சுவிட்சை அழுத்தினால்தான் பேச்சு வெளியே போகும்; அதை மட்டும் அழுத்தவில்லை. அப்பா பேசினார். அங்கே மழை உண்டா, இங்கே பருத்தி காய்கிறது, ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரணும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசினார். சின்னையா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் சுவிட்சை அழுத்தி எல்லாவற்றையும் என் வாயால் சொன்னேன். "இங்கே நல்ல மழை" என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. தெரு கலையும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் இந்த ரகசியத்தைச் சொல்லப்போக, அவள் மறுநாளே மாமனாரிடம் ஒப்பித்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா சிரித்தார். "அது அன்னைக்கே தெரியும்லே. நீ பேசும்போது பெட்டி இரையிறது நின்னுச்சு. நான் பேசும்போது நிக்கல."

"பின்ன எதுக்குப்பா அவ்வளவு நேரம் பேசுனீக?"

"ஏற்கெனவே ஒருக்க தெருசனம் முன்னால நாம ரெண்டு பேரும் சண்ட போட்டாச்சு. மறுபடியுமா? அதான், சின்னையா கேக்கட்டும்னு பேசுனேன்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கேட்க ஆளில்லாமல் யாராவது நீளமாகப் பேசிக்கொண்டிருந்தால், "கொழும்புக்குப் பேசுதாக" என்பார்கள். பெரும்பாலும் என்னைத்தான் சொல்கிறார்கள்.